இராயனுக்கு அபயமிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் அமெரிக்கப் போதகர்களின் காணொளிகள் அடிக்கடி வருகின்றன. தேசமே கிறிஸ்தவ தேசமாக வேண்டும், பழமைவாத அரசியலை ஆதரிப்பது விசுவாசியின் கடமை, உரிமை என்று பேசுவது உலகத்தாரின் பேச்சு என்கிறார்கள். பெங்களூரில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவனாகிய நான் இதை எப்படி எடுத்துக்கொள்வது?
– ஒரு வாசகர், லிங்கராஜபுரம்

பதில்: சகோதரரே, அப்படிப் பேசுகிறவர்கள் எல்லாருமே வாக்குக்காகப் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கருக்கலைப்பைப் பெண்ணின் அரசியல் சாசன உரிமையாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-ல் அறிவித்தபின், கருவிலுள்ள உயிரும் தேவன் தந்ததே என்று நம்பிய பலர் உண்மையாகவே கலங்கினார்கள். அந்தக் கலக்கமும் வேறு பல மனத்தாங்கல்களும் சேர்ந்துதான், 1979-ல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் தொடங்கிய 'மாரல் மெஜாரிட்டி' என்ற பழமைவாதக் கிறிஸ்தவ அரசியல் இயக்கத்துக்கு ஆள் சேர்த்தன. 1973-ன் அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் 2022-ல் ரத்து செய்தது. மனச்சாட்சிப்படி வாக்களிக்கவும் பிறரிடம் பேசி இணங்கவைக்கவும் அவர்களுக்கு உள்ள உரிமையை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

அரசே நம் விசுவாசத்தைக் கையில் எடுத்து எல்லார்மேலும் செலுத்த வேண்டும் என்பது முற்றிலும் வேறு கோரிக்கை. அமெரிக்காவிலேயே அதை முதலில் எதிர்த்தவர்களில் பாப்டிஸ்டு என்ற சபைப் பிரிவினர் முக்கியமானவர்கள். வர்ஜீனியாவில் அனுமதிச் சீட்டு இல்லாமல் பிரசங்கித்த குற்றத்துக்காக அவர்களுடைய போதகர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களைச் சிறையில் வைத்தது கிறிஸ்தவ அரசுதான். கனெக்டிகட்டில் இன்னொரு திருச்சபை அரசின் ஆதரவோடு கோலோச்சியதால், டான்பரி பாப்டிஸ்டுகள் 1801-ல் அதிபர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதி முறையிட்டார்கள். மதத்துக்கும் அரசுக்கும் இடையே சுவர் வேண்டும் என்று அவர் 1802-ல் எழுதிய புகழ்பெற்ற பதில் அந்த முறையீட்டுக்கு வந்ததே. கிறிஸ்தவ தேசம் கேட்பவர்கள் எந்தச் சபையின் கிறிஸ்தவம் என்று சொல்வதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்துகிறது.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். நமது அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் சமமான சுதந்திரம் தருகிறது. 1948 டிசம்பர் 6-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, பரப்பும் உரிமையை ஆதரித்துப் பேசியவர்களில் இந்துவான டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர்; கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் 14 ஆண்டுகள் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று அவர் அங்கே சாட்சி சொன்னார். நாம் சிறுபான்மையாக இருந்தும் பெற்ற இந்தப் பாதுகாப்பு, பெரும்பான்மையினரும் மனமுவந்து ஒப்புக்கொண்டு எழுதியது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

2022-ல் கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மதம் மாற விரும்புகிறவர் 30 நாட்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் படிவம் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டி ஆட்சேபம் கேட்கவும் அது வகை செய்தது. ஒருவருடைய மனச்சாட்சியின் முடிவை ஊரார் பார்வைக்கு ஒட்டிவைப்பது எவ்வளவு கொடுமை என்று நம் சபைகள் அன்று முறையிட்டன, முறையிட்டதும் சரியே. அப்படி முறையிட்ட நாமே, நம்மவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் அரசு மதத்தின் பக்கம் சாயட்டும் என்று காணொளியைப் பகிர்ந்தால், வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருக்கும் வியாபாரியாகிவிடுவோம். இரண்டு விதமான நிறைகல் கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் சொல்கிறது.

உரிமை கேட்பது உலகத்தாரின் பேச்சு என்பதையும் நான் ஏற்கவில்லை. சவுக்கால் அடிக்கக் கட்டியபோது தாம் ரோமக் குடிமகன் என்பதைப் பவுல் எடுத்துச் சொன்னார். பிறகு "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடும் செய்தார். அடுத்த முறை அந்தக் காணொளி வந்தால், அப்போஸ்தலர் 22, 25-ஆம் அதிகாரங்களைக் குழுவில் போட்டு, இதையும் சேர்த்துப் படிப்போம் என்று கேளுங்கள்.

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான் இருக்கிறோம். வீடு அண்ணனுக்குத்தான் என்கிறார்கள். பங்கு கேட்டால், விசுவாசி வழக்குக்குப் போகக்கூடாது என்று மூப்பர்கள் 1 கொரிந்தியர் 6-ஐ வாசித்துக் காட்டுகிறார்கள்.
– ஒரு வாசகி, பிரேசர் டவுன்

பதில்: சகோதரி, அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள், சகோதரருக்கே அநியாயம் செய்கிறவர்களைப் பவுல் அங்கே கண்டிக்கிறார். சபைக்குள்ளேயே நியாயம் தீர்க்க ஒரு விவேகி இல்லையா என்பதும் அவருடைய கேள்விதான். மூப்பர்கள் நியாயம் தீர்க்காமல் உங்களை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொன்னால், அந்த அதிகாரத்தில் பாதியைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி, மகன் மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். உங்கள் வீட்டில் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வரும். கேரளத்தின் மேரி ராய் இதற்காகவே போராடினார். மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்று வைத்திருந்த திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது என்று 1986-ல் அவர் தீர்ப்புப் பெற்றபோது, அங்குள்ள திருச்சபைகள் பலவும் எதிர்த்தன. மகளின் பங்கை மறுக்க மரபையும் வேதத்தையும் துணைக்கழைத்த அந்தப் பழமைவாதம் எனக்கு இன்றும் மனவருத்தம் தருகிறது. மோசேயின் முன் நின்று பங்கு கேட்ட செலொப்பியாத்தின் குமாரத்திகளைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை.

முதலில் அம்மாவிடமும் அண்ணனிடமும் பேசுங்கள். இணங்கினால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இணங்காவிட்டால் வழக்கறிஞரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். அதுவரை, உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.