காசு எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மாதம் என் சேகரிப்பில் மூன்று காசுகள் சேர்ந்தன: ராஜராஜன் செப்புக்காசு, 1943-ஆம் ஆண்டின் ஓட்டைக் காலணா, தாமரை பொறித்த 1970-ஆம் ஆண்டு இருபது பைசா. செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று வந்துவிட்டது. படங்களை இணைத்துள்ளேன். அது என்ன விலை போகும்?

ஒரு வாசகர், செம்பூர், மும்பை

அன்புள்ள தம்பிக்கு,

விலையை வியாபாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருபது பைசாவில் ஆண்டுக்குக் கீழே சிறிய வைரக் குறி இருந்தால், அது நம் மும்பை கோட்டைப் பகுதி நாணயச்சாலையில் அடித்த காசு. புளியை நினைத்தால்தான் கோபம் வருகிறது. பச்சைக் களிம்பு அழுக்கு அன்று. நெடுங்காலம் மண்ணில் கிடந்த செம்பின்மேல் வளர்ந்த தோல். அதை உரித்ததில் ராஜராஜன் பெயரின் நாகரி எழுத்துகளும் மழுங்கியிருப்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது. இனி எந்தப் பழங்காசையும் தேய்க்காதீர்கள்.

அதைவிட என்னை வருத்தியது, மூன்றில் ஒன்றாவது எங்கே, யாரிடம் கிடைத்தது என்று நீங்கள் ஒரு சொல்கூட எழுதாததுதான். நிற்கும் உருவம் ஒரு பக்கமும் அமர்ந்த உருவம் மறுபக்கமும் கொண்ட இந்தச் செப்புக்காசு தமிழகத்திலும் கிடைக்கிறது, இலங்கையிலும் கிடைக்கிறது. பின்னர் இலங்கை மன்னர்களும் இதே அமைப்பில் தம் பெயரைப் பொறித்துக் காசு அடித்தார்கள். உங்கள் காசு தஞ்சை வயலில் ஏர்முனையில் பட்டதா, கடல் கடந்து புழங்கியதா என்பதைக் காசு சொல்லாது. கண்டெடுத்த இடம்தான் சொல்லும்.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளில் மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்கள் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. சேரர் தலைநகர் வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, கரூர்ப் பக்கம் நின்றவர்களுக்கு அந்தச் சிறு காசுகள் வலுவான சான்றாயின. ஆற்றின் பெயர் தொலைந்து, அதே காசுகள் இங்கே மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் ஒரு தட்டில் கொட்டிக் கிடந்திருந்தால், அந்த வாதத்துக்கு அவற்றால் என்ன பயன் இருந்திருக்கும்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் காசுகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் நாட்காட்டித் தாளில் பொதிந்து, அதன்மேல் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அவர் இறந்த பின், இருபத்திரண்டு வயதில், நான் ஆல்பம் வாங்கி அவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கிவிட்டு, கசங்கிய தாள்களைக் குப்பையில் போட்டேன். ஒரு தாளில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது: ‘ஆச்சியின் சுருக்குப்பையில் கடைசியாக இருந்த ஓட்டைக் காலணா.’ ஆல்பத்தில் ஓட்டைக் காலணாக்கள் மூன்று இருக்கின்றன, மூன்றும் 1944. எது திருநெல்வேலியிலிருந்து ஆச்சியோடு ரயிலேறி வந்தது என்று ஒவ்வொன்றாக விரலில் வைத்துப் பார்க்கிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

நாளைக்கே இந்தக் காசுகளை உங்களுக்குத் தந்தவரிடம் போய், யாரிடம் வாங்கினார், எந்த ஊர்க்காரர் கொண்டுவந்தார் என்று கேட்டு, காசோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தெரியாது என்று சொன்னால், அதையும் தேதியிட்டு எழுதுங்கள்.