தம்பி பிறகு தருவான் என்று நகையை வைக்காதீர்கள்

கேள்வி: நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கும் ஆசிரியை, வயது 53. கணவர் ஓய்வூதியம் எடுக்கிறார். இருவருக்குமாக மாதம் 1,35,000 ரூபா வருகிறது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பியின் மகளுக்கு ஆகஸ்டில் கலியாணம். 78 வயது அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். "அம்மாவை எகானமியில கொண்டு வராதேங்கோ அக்கா, ரெண்டு பேரும் பிஸ்னஸ் கிளாஸில வாங்கோ, காசை இங்க வந்தாப் பிறகு தாறன்" என்கிறான் தம்பி. டுபாய் வழியாகப் போய்வர பிஸ்னஸ் கிளாஸில் ஆளுக்கு 14 இலட்சம், எகானமியில் 4.5 இலட்சம். வங்கியில் 8 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. நகையை 14 இலட்சத்துக்கு அடைவு வைத்து, மிச்சம் 6 இலட்சத்தைக் கடனட்டையில் 12 மாதத் தவணையாகப் போட நினைக்கிறேன். அந்த அட்டையில் விமான மைல்களும், அதாவது பிறகு டிக்கெட்டுக்குப் பயன்படுத்தும் புள்ளிகளும், சேருமாம். முன்பும் தம்பி சொன்னதற்காக வீட்டுக் கூரை, கோயில் உபயம் என்று நகையை வைத்துச் செலவழித்திருக்கிறேன். இப்போதும் 3 இலட்சத்துக்கு ஒரு அடைவு நிற்கிறது. பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பயம் சரியானது. அடைவு வட்டி, தவணைக் கட்டணம் எல்லாவற்றையும் கடிதத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றைத் திரும்பப் படிப்பிக்கத் தேவையில்லை. பிஸ்னஸ் கிளாஸா எகானமியா என்பதைவிட, தம்பி ஒன்றைக் கேட்டவுடன் உங்கள் கை நகைப்பெட்டிக்குப் போகிறதே, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

கூரைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் 4 இலட்சத்துக்கு நகை வைத்தீர்கள். அப்போது ஒரு கனடா டொலர் ஏறக்குறைய 160 ரூபா. தம்பி அன்றே அனுப்பியிருந்தால் 2,500 டொலர் அனுப்பியிருக்க வேண்டும். அவர் அனுப்பியது அந்த வருடக் கடைசியில். அதற்குள் ரூபா விழுந்து, டொலர் 270 அளவுக்குப் போய்விட்டது. அதே 4 இலட்சத்துக்கு அவருக்கு 1,500 டொலர் போதுமாக இருந்தது. இடையில் ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 வீதம் ஏற்றியது. அடைவைப் புதுப்பித்தபோது வட்டி 20 வீதத்தைத் தாண்டியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வட்டியைக் கட்டியது நீங்கள், 1,000 டொலர் மிஞ்சியது அவருக்கு. அவர் இதைத் தெரிந்து செய்தார் என்று நான் நினைக்கவில்லை. "4 இலட்சம் குடுத்திட்டன்தானே" என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் சொல்லாதவரை அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது கேட்பது அதைவிட ஏழு மடங்கு. இரண்டு பேருக்கு 28 இலட்சம். கடனட்டைத் தவணை மாதம் 50,000. வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் 7 வீதம் கட்டணம், அதாவது 42,000, மாதக் கணக்கில் 3,500. 14 இலட்சத்துக்கு 14 வீத அடைவு வட்டி மாதம் 16,000க்குச் சற்று மேலே. பழைய அடைவின் வட்டி 3,500. எல்லாம் சேர்த்தால் 73,000 ரூபா. உங்கள் இருவரின் வருமானத்தில் பாதிக்கு மேல் இதற்கே போகும். அப்படிக் கட்டினாலும் நகைக் கடனின் முதலில் ஒரு ரூபாகூடக் குறையாது. ஒரு தவணை தவறினால் அட்டையின் சாதாரண வட்டி, நீங்கள் அனுப்பிய விபரப்படி 28 வீதம்.

சரி, தம்பி சொன்ன சொல் தவறாமல் ஆகஸ்டிலேயே தந்துவிடுகிறார் என்று வையுங்கள். இப்போது டிக்கெட் எடுத்தால் ஐந்து மாத அடைவு வட்டி ஏறக்குறைய 82,000, அட்டைக் கட்டணம் 42,000. 1,24,000 ரூபா உங்கள் கையிலிருந்து போய்விட்டது. வைப்பை உடைத்த நட்டம் வேறு. இன்னொன்றையும் யோசியுங்கள். மண்டபம், சாப்பாடு, வீடியோ என்று அவருக்கே காசு பறக்கும் அந்த வாரத்தில், கலியாண வீட்டில் வைத்து 28 இலட்சத்தை எப்படிக் கேட்பீர்கள்? கேட்கமாட்டீர்கள். பேசாமல் திரும்பி வருவீர்கள்.

மைல் அட்டை பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. 200 ரூபாவுக்கு ஒரு மைல் என்றால் 6 இலட்சத்துக்கு 3,000 மைல். இவ்வளவு நீளமான பயணத்தில் ஓர் ஆசனத்தை உயர்த்தவே பல்லாயிரம் மைல் கேட்பார்கள். மாதத்துக்கு மாதம் முழுத்தொகையையும் கட்டிவிடக்கூடிய ஒருவருக்கு அது நல்ல அட்டையாக இருக்கலாம். கடன்பட்டு மைல் சேர்ப்பவருக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. வங்கியில் இனி யாராவது அதைப்பற்றித் தொடங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.

பிஸ்னஸ் கிளாஸ் நல்லதல்ல என்று நான் சொல்லவில்லை. டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணித்தியாலம். முழங்கால் நோவோடு இருக்கும் 78 வயதுக்காரருக்குக் கால் நீட்டிப் படுக்கக் கிடைப்பது பெரிய ஆறுதல். ஆனால் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து போய்வர விமானத்தில் இருப்பது ஆளுக்கு 36 மணித்தியாலம் அளவில். இருவருக்கும் விலை வித்தியாசம் 19 இலட்சம். ஒரு ஆசனத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 26,000 ரூபாவுக்கு மேல் விழுகிறது. கையில் காசு இருப்பவர் தாராளமாகக் கொடுக்கட்டும். வளையலை வைத்துக் கொடுக்கும் விலை அல்ல அது.

இதை வாசித்துவிட்டு "அப்ப அம்மாவை மட்டும் பிஸ்னஸில ஏத்துவம்" என்று தம்பி சொல்லக்கூடும். அதற்கு ஓம் சொல்லாதீர்கள். எகானமியில் இருக்கும் நீங்கள் முன்பகுதிக்கு நினைத்தபடி போய்வர விடமாட்டார்கள். அந்த ஆசனத்தைப் படுக்கையாக்குவது முதல் மலசலகூடத்துக்குப் போவது வரை அம்மா தெரியாத ஆட்களிடம் ஆங்கிலத்தில் கேட்கவேண்டி வரும். ஒன்று இருவரும் முன்னுக்கு, இல்லாவிட்டால் இருவரும் பின்னுக்கு.

எகானமியில் போனாலும் அம்மாவுக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சக்கர நாற்காலி உதவிக்கு எந்த வகுப்பிலும் காசு இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதியுங்கள், புறப்பட இரண்டு நாளுக்கு முன் திரும்ப உறுதிப்படுத்துங்கள். குடிவரவு வரிசையில் அம்மா கால்கடுக்க நிற்கத் தேவையில்லை. மலசலகூடத்துக்குக் கிட்ட, நடைபாதை ஓர ஆசனமாக எடுங்கள். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, வயது போனவர்களுக்குக் கூடுதலாக. இடைக்கிடை எழும்பி நடக்க வையுங்கள், அழுத்தக் காலுறை போடலாமா என்று வைத்தியரிடம் முதலே கேளுங்கள். அப்புறம், அம்மாவின் காலை உண்மையில் வாட்டப்போவது யாழ்ப்பாணத்திலிருந்து இரவிரவாக வான் வண்டியில் குந்தியிருந்து நேரே விமானம் ஏறுவதுதான். முதல்நாளே இறங்கி, விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்துப் படுங்கள். 15,000 போனாலும் பரவாயில்லை.

தம்பிக்குச் செலவழிக்க மனம் இருந்தால் அம்மாவின் மருத்துவக் காப்புறுதியில் செலவழிக்கச் சொல்லுங்கள். கனடாவில் வருகையாளர்களுக்கு மாகாண மருத்துவக் காப்பீடு இல்லை. ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுத்தாலே பில் ஆயிரக்கணக்கான டொலரில் வரும். சூப்பர் விசாவில், அதாவது பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்குவதற்கான விசாவில், வரும் பெற்றோருக்கு குறைந்தது ஒரு இலட்சம் டொலர் காப்புறுதி கட்டாயம். சாதாரண வருகையாளர் விசாவுக்குக் கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். அம்மாவுக்குப் பிறஷரோ சீனி வருத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுதவேண்டும்.

தம்பியிடம் பேசுவது கஷ்டம் என்று தெரியும். நீளமாக விளக்கம் வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தம்பி, அம்மாவின்ர ரிக்கெற்றை நீயே அங்கயிருந்து போடு. எந்த வகுப்பெண்டாலும் உன்ர விருப்பம், ஆனா நானும் அவவுக்குப் பக்கத்தில இருக்கவேணும். எகானமி எண்டால் என்ர காசை நான் போடுறன். பிஸ்னஸ் எண்டால் ரெண்டையும் நீ போடு. பாஸ்போர்ட் படம் இப்பவே அனுப்பிறன்." அவர் அங்கிருந்தே தன் அட்டையில் உங்கள் பெயர்களில் டிக்கெட் எடுக்கலாம். இங்குதான் வாங்கவேண்டும் என்றால், காசு உங்கள் கணக்கில் விழுந்த பிறகு வாங்குங்கள். உண்மையில் பிஸ்னஸ் கிளாஸ் வேண்டுமென்று நினைப்பவருக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. அவர் தயங்கினால், எந்த வகுப்பு என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும், நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையிருக்காது.

உங்கள் 8 இலட்சம் வைப்பு மே மாதம் முதிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கிடைப்பது 8 வீதம், பழைய அடைவுக்கு நீங்கள் கட்டுவது 14 வீதம். முதிர்ந்தவுடன் 3 இலட்சத்தை எடுத்து அந்த நகையை மீட்டுவிடுங்கள். உங்கள் எகானமி டிக்கெட்டுக்கு 4.5 இலட்சம். மிச்சம் 50,000 நீர்கொழும்புக்கும் வழிச்செலவுக்கும். கலியாணப் பரிசுக்கு என்று வேறு கடன் வேண்டாம். மீட்ட நகையை உங்கள் மகளின் பெயரில் எழுதி, அவருக்கும் காட்டி வையுங்கள். அவருக்கு 23 வயது, அவருடைய காலமும் வரப்போகிறது.

கோடை விடுமுறை நெருங்க நெருங்க ரொறன்ரோ டிக்கெட் விலை ஏறும். உங்கள் டிக்கெட்டுக்கு மே மாதக் காசுக்காகக் காத்திருக்காமல், இப்போது தம்பியையே இரண்டு எகானமி டிக்கெட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். உங்களுடையதை மே மாதம் வைப்பு முதிர்ந்த அன்றே அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். இவ்வளவு காலமும் நீங்கள் அவருக்குக் கொடுத்த தவணையை இந்த ஒரு முறை அவர் உங்களுக்குக் கொடுக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே கதையுங்கள்.