சாமி கண்ணைக் குத்தாவிட்டாலும் தப்பு தப்புதானா?

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் ‘இது தப்பு’ என்று சொன்னால் அது அவருடைய சொந்த அபிப்பிராயம்தானே, மதத்தை எடுத்துவிட்டால் அறத்துக்கு எல்லாருக்கும் பொதுவான அடிப்படை ஏது என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது என்பது என் பதில். (ஒழுக்கம் என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அதைச் சொன்னாலே பேச்சு யார் யாரோடு சுற்றுகிறார்கள் என்ற பக்கம் போய்விடுகிறது.)

சின்ன வயதில் எனக்குக் கிடைத்த மொத்த அறக்கல்வியும் ‘தப்பு பண்ணினா சாமி கண்ணைக் குத்தும்’ என்ற ஒரே வரிதான். ஆறாவது படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துவிட்டேன். அன்று ராத்திரி கண்ணை இறுக்க மூடி, கையையும் மேலே வைத்துக்கொண்டு படுத்தேன், குத்தினால் கையில் படட்டும் என்று. காலையில் இரண்டு கண்ணும் நன்றாகவே இருந்தன. அப்பாடா என்று பள்ளிக்குப் போனால், அவன் பையைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொரு நோட்டாக உதறிக்கொண்டிருக்கிறான். காம்பஸ் கொண்டுவராதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று கணக்கு வாத்தியார் சொன்னதும் அவன் ஒருவன் மட்டும் எழுந்தான். காது மடல் சிவந்திருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சாமி பயம் முந்தின இரவோடு தீர்ந்துவிட்டது, இது வேறு ஏதோ. ஆனால் என் வயிறு பிசைந்ததுதான் அறத்தின் அடிப்படை என்று நான் சொல்லவில்லை, அது என் உணர்ச்சி, அவ்வளவுதான். எனக்கு ஒன்றுமே தோன்றாமல் ஜாலியாக உட்கார்ந்திருந்தாலும் அவன் செய்யாத தப்புக்கு எழுந்து நின்றது நின்றதுதான், அவன் பட்ட அவமானம் பட்டதுதான். என் எண்ணத்தையும் வாத்தியாரின் எண்ணத்தையும் சாராமல் அது அங்கே இருந்தது. புறவயம் என்று நான் சொல்வது இதைத்தான், வானத்தில் எழுதி வைத்த சட்டத்தை அல்ல.

இந்த விவாதத்தில் எல்லாரும் பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலை இழுப்பார்கள். கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, இல்லை நல்லது என்பதால் கடவுள் விரும்புகிறாரா என்பது அதில் சாக்ரடீஸின் கேள்வி. முதலாவது என்றால் நாளைக்கே கொடுமை செய் என்று கட்டளை வந்தால் கொடுமை நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால் நல்லது கடவுளுக்கு முன்பே நல்லதாக இருக்கிறது. கடவுளின் இயல்பே நன்மைதான், இந்த இரண்டிலும் மாட்ட மாட்டார் என்று இறையியலாளர்கள் பதில் சொல்வதுண்டு, எனக்கு அது கேள்வியை ஒரு படி தள்ளி வைப்பதாகவே படுகிறது. ஆனால் அந்த உரையாடலில் என்னை உலுக்கியது இந்தக் கேள்வி அல்ல, பேச்சு எதில் ஆரம்பிக்கிறது என்பதுதான். சாக்ரடீஸோடு பேசும் யூதிஃப்ரோ தன் சொந்த அப்பா மேலேயே கொலைவழக்குத் தொடுக்க வந்திருக்கிறார். அவர்களிடம் வேலை செய்த கூலியாள் ஒருவன் குடிவெறியில் ஓர் அடிமையைக் கொன்றுவிடுகிறான். அப்பா அவன் கைகாலைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, இவனை என்ன செய்வது என்று கேட்டுவர ஏதென்ஸில் சமய விதிகளுக்கு விளக்கம் சொல்பவரிடம் ஆள் அனுப்புகிறார். போன ஆள் திரும்பி வருவதற்குள் பசியிலும் குளிரிலும் இவன் செத்துப்போகிறான்.

விதி என்ன சொல்கிறது என்று கேட்கத்தான் ஆள் போனான். பள்ளத்தில் கிடப்பவனுக்குப் பசிக்கும், குளிரும் என்று தெரிந்துகொள்ள எங்கேயும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

சரி, இங்கே ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி வரும். ‘வலிக்கிறது’ என்பது தகவல், அதிலிருந்து ‘செய்யக் கூடாது’ எப்படி வந்தது? டேவிட் ஹியூம் என்ற தத்துவவாதி 1740லேயே இந்த இடைவெளியைச் சுட்டிக் காட்டிவிட்டார். ‘கடவுள் இப்படிக் கட்டளையிட்டார்’ என்பதும் ஒரு தகவல்தானே, அதிலிருந்து ‘ஆகவே நான் கீழ்ப்படிய வேண்டும்’ என்பதற்கும் அதே அளவு தாண்ட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால், நான் தாண்டுவது இப்படி: பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்துக்கொண்டு நின்றால் ‘காலை எடுங்க, வலிக்குது’ என்கிறேன். ‘என் அபிப்பிராயத்தில் நீங்கள் காலை எடுப்பது நல்லது’ என்றா சொல்கிறேன்? என் வலியே அவர் காலை எடுக்கப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன். அப்படியானால் நான் மிதிக்கும்போது அவர் வலி மட்டும் காரணமாகாது என்று எப்படிச் சொல்வேன்? அது நான், இது அவர் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் என்னால் காட்ட முடியாது. வள்ளுவர் இன்னா செய்யாமையில் கேட்பதும் இதுதான், தன் உயிருக்குத் துன்பம் எது என்று அறிந்தவன் இன்னொரு உயிருக்கு அதை ஏன் செய்கிறான் என்று. அந்தக் குறளில் கடவுளும் வரவில்லை, நரகமும் வரவில்லை. (முதல் அதிகாரமே கடவுள் வாழ்த்து என்று சண்டைக்கு வராதீர்கள், தெரியும்.)

அப்புறம், காலத்துக்குக் காலம் அறம் மாறுகிறதே என்பார்கள். மாறியது நம் அறிவு. 1833ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது, அதற்கு முன்னால் சவுக்கடி வலிக்காமலா இருந்தது? அந்த விவாதத்தில் இரண்டு தரப்புமே பைபிளை மேற்கோள் காட்டின என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதற்கு எதிரான வலுவான வாதம் மதத்திலிருந்தல்ல, ஜே. எல். மேக்கி என்ற நாத்திகரிடமிருந்து வந்தது. புறவயமான மதிப்பு என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் அது உலகத்தில் உள்ள வேறு எதைப் போலவும் இல்லாத விசித்திரப் பொருளாக இருக்க வேண்டும், அப்படி எதுவும் கிடையாது என்று 1977ல் எழுதினார். அவருக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வலி விசித்திரப் பொருள் அல்ல, அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பதுதான் என் நிலை. இதை வைத்து எல்லாச் சிக்கலும் தீராது, கருணைக்கொலை மாதிரி விஷயங்களில் நானே இரண்டு முறை மனம் மாறியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மதத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். எது சரி என்று தெரிவது ஒன்று, அதைச் செய்யக் கால் நகர்வது இன்னொன்று. அடிமைமுறையை எதிர்த்துப் போராடியவர்களில் தீவிர பக்தர்கள் நிறையப் பேர், அந்தத் தெம்பு அவர்களுக்கு நம்பிக்கையிலிருந்து வந்தது. எனக்கு அது இல்லை. தப்பு என்று அந்தக் கணக்கு வகுப்பிலேயே தெரிந்துவிட்டது, ஆனால் காம்பஸைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் ஆனது. அதுவும் அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துப் பைக்குள் போட்டுவிட்டு வந்தேன்.