சர்வாதிகாரத்த எப்படி கண்டுபிடிக்கிறது, ஆயுதம் இல்லாம எதிர்க்க முடியுமா?

சர்வாதிகாரம்னா ஆட்சியில இருக்கிறவர தட்டிக்கேக்க ஆளே இல்லாம பண்றது. எலக்‌ஷன்லாம் நடக்கும், ஆனா கோர்ட், பத்திரிகை, தேர்தல் கமிஷன்னு ஒண்ணொண்ணா ஒருத்தர் கைக்குள்ள போயிடும், கேள்வி கேக்குறவன் துரோகி ஆயிடுவான், இதெல்லாம் சேர்ந்து வந்தா உஷாராகிடுங்க.

பல்லக்கு தூக்குறவங்க தோள எடுத்துட்டா மேல உக்காந்திருக்கிறவர் ஒரு அடி நகர முடியாதுல்ல, ஆட்சியும் அப்படித்தான், ஃபைல் பாக்குறவங்க, வரி கட்டுறவங்க, துப்பாக்கி பிடிக்கிறவங்க ஒத்துழைச்சாதான் ஓடும். 1986ல பிலிப்பைன்ஸ்ல ஓட்டு எண்ணிக்கைல தில்லுமுல்லுன்னு கம்ப்யூட்டர் ஆபரேட்டர்களே எந்திரிச்சு வெளிய வந்தாங்க (எனக்கு இந்த தைரியம்தான் ரொம்ப பெருசா தெரியுது), அப்புறம் லட்சக்கணக்கான ஜனங்க டாங்கி முன்னாடி நின்னாங்க, ராணுவம் ஜனங்க பக்கம் மாறுச்சு, அந்த நாட்டு சர்வாதிகாரியா இருந்த அதிபர் மார்க்கோஸ் நாட்ட விட்டே போயிட்டார்.

அகிம்சைன்னா அடிய வாங்கிட்டு சும்மா இருக்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கிடையாது, ஸ்ட்ரைக், புறக்கணிப்பு, ஒத்துழையாமைன்னு திட்டம் போட்டு செய்யிற வேலைங்க அது.