சிலிக்கான் குவாண்டம் புள்ளிகளைச் சிப் தொழிற்சாலையிலேயே செய்ய முடியும் என்றால், ஏன் இன்னும் லட்சக்கணக்கில் அடுக்கவில்லை?

செய்தித் தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறில்லை, நானும் அந்த நம்பிக்கையில்தான் ஆய்வுக்குச் சேர்ந்தேன்.

குவாண்டம் புள்ளி என்பது ஓர் எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் நுண்ணிய குழி; அந்த எலக்ட்ரான்தான் கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் பிட். இடம் ஒரு பிரச்சினையே இல்லை. புள்ளிக்குப் புள்ளி 100 நானோமீட்டர் விட்டால், ஆயிரத்துக்கு ஆயிரமாகப் பத்து லட்சம் புள்ளிகள் 0.1 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். கடுகு மேல் ஒரு மூலை போதும். ஆனால் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 2022-இல் ஆறு கியூபிட், 2023-இல் இன்டெலின் டனல் ஃபால்ஸ் சிப்பில் 12 என்றுதான் கணக்கு நகர்கிறது.

காரணம், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குணம். நான் இருந்த ஆய்வகத்தில் (பெயர் வேண்டாம்) நான்கு புள்ளிச் சிப் ஒன்று என் தலையில் விழுந்தது. நான்குதானே என்று சிரிக்காதீர்கள். எலக்ட்ரானைப் பிடித்துவைக்க நான்கு கேட் (மின்னழுத்தம் கொடுக்கும் நுண்ணிய மின்முனை), தடுப்புச் சுவராக ஐந்து. ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி, தனி மின்னழுத்தம். புள்ளிக்கு ஒரே ஒரு எலக்ட்ரான் நிற்க வேண்டும். இரண்டாவது கேட்டைச் சில மில்லிவோல்ட் ஏற்றினால் மூன்றாவது புள்ளியின் கணக்கு கெடும். அதைச் சரிசெய்தால் முதலாவது முறுக்கிக்கொள்ளும். எல்லாம் சரியாக அமைந்தால் அளவீட்டுத் திரையில் தேன்கூடு போலக் கோடுகள் விழ வேண்டும். எனக்கு விழுந்ததெல்லாம் கிழிந்த மீன்வலை.

மூன்று வாரத்தில் நான்கும் படிந்தன. அந்தச் சனிக்கிழமை, சிப்பை -273 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் வைத்திருக்கும் குளிரூட்டியின் கம்ப்ரசருக்குப் போகும் தண்ணீரைப் பராமரிப்பு வேலைக்காக யாரோ அடைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் சிப் சூடேறிக் கிடந்தது. மறுபடி குளிர்விக்க இரண்டு நாள். ஆக்சைடில் சிக்கிய மின்னூட்டங்கள் இடம் மாறியதில், நோட்டில் எழுதிவைத்த எண்களில் ஒன்றுகூட உதவவில்லை.

"இதற்குத்தான் தானியங்கி மென்பொருள் வந்துவிட்டதே" என்று ஒருவர் கிளம்புவார். வந்திருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. கம்பியை அது குறைக்காதே! கைபேசிச் சிப்பில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருந்தும் வெளியே வரும் இணைப்புகள் மிகக் குறைவு; அவற்றுக்கு ஆன், ஆஃப் தெரிந்தால் போதும். டெல்ஃப்ட் குழு 2023-இல் ஜெர்மேனியத்தில் நான்குக்கு நான்காக 16 புள்ளிகளை, ஒரே கேட் பல புள்ளிகளுக்கு என்று அமைத்த பொதுக் கேட்டுகளால் கட்டுப்படுத்திக் காட்டியது. பெரிய அளவில் அது நடக்க எல்லாப் புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் அமைய வேண்டும். கட்டுப்பாட்டு மின்சுற்றைப் பக்கத்திலேயே வைக்கலாம் என்றால் அது வெப்பம் கக்கும். 2020-இல் சிட்னியிலும் டெல்ஃப்டிலும் வழக்கத்தைவிடச் சூடாக, 1 கெல்வினுக்கு (சுமார் -272 டிகிரி செல்சியஸ்) மேல் கியூபிட்டை இயக்கினார்கள். அங்கே குளிரூட்டியால் பல மடங்கு வெப்பத்தை வெளியேற்ற முடியும். என் நம்பிக்கை அந்த வழியில்தான்.

போன பதிலுக்கு வந்த கருத்துகளில் பாதி, "குவாண்டம் என்று எழுதாதே, துளிமம் என்று எழுது" என்பவை. இயற்பியலைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டுக்கும் நல்ல சொல் தாருங்கள், மாற்றிவிடுகிறேன்.

அந்தச் சிப்பில் மூன்றாவது புள்ளி கடைசிவரை மீண்டும் படியவில்லை. என் ஆய்வேட்டில் இருப்பது முதல் இரண்டு புள்ளிகள்தான்.