லாக்ரொடேட்: நிறுவும்போது வரும் சந்தேகங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை லாக்ரொடேட் பற்றியவை. லாக் ஃபைல்களை (புரோகிராம்கள் நடப்பதைக் குறித்துவைக்கும் ஃபைல்கள்) நாள்வாரியாகவோ வாரவாரியாகவோ பிரித்து, சுருக்கி, பழையதை நீக்கும் இந்தச் சின்னக் கருவி 1990களில் ரெட் ஹாட்டில் எழுதப்பட்டது. இன்றும் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் சர்வரிலும் ஓடுகிறது. இப்படிப் பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குவதைத்தான் சுழற்றுவது என்கிறோம்.

உபுண்டு சர்வரில் லாக்ரொடேட் போட வேண்டும். கூடவே வேறு என்னென்ன நிறுவ வேண்டும்?

முதலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஏபிடி மூலம் போட்டால், கமாண்ட் ஆப்ஷன்களைப் படிக்க உதவும் பாப்ட் உட்பட வேண்டிய லைப்ரரிகள் தாமாகவே வந்துவிடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: லாக்ரொடேட் தானாக எதையும் சுருக்குவதில்லை. அந்த வேலைக்கு ஜிஜிப் என்ற சுருக்கும் கருவியை அழைக்கிறது. உபுண்டுவில் ஜிஜிப் எப்போதும் இருக்கும் என்பதால் கவலை இல்லை.

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்கிறேன். "பாப்ட் டாட் ஹெச் கிடைக்கவில்லை" என்று நின்றுவிடுகிறது.

பாப்ட் லைப்ரரி இருந்தால் மட்டும் போதாது, கம்பைல் செய்யத் தேவையான ஹெட்டர் ஃபைல்கள் உள்ள அதன் டெவலப்மென்ட் பேக்கேஜும் வேண்டும். டெபியன், உபுண்டுவில் பெயர் "டெவ்" என்று முடியும். ஃபெடோரா, ரெட் ஹாட் பக்கம் "டெவெல்" என்று முடியும். அதைப் போட்டுவிட்டு கான்ஃபிகர் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுங்கள்.

ஆனால் பேக்கேஜ் கிடைக்கும்போது எதற்காக சோர்ஸ்? நீங்கள் கம்பைல் செய்தது யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் (/usr/local) போய் உட்காரும். தினமும் ஓடும் டைமரோ பழைய இடத்தில் இருக்கும் லாக்ரொடேட்டையே அழைக்கும். இரண்டும் எப்போது எதைச் சுழற்றினோம் என்ற குறிப்பை வெவ்வேறு ஃபைலில் வைத்திருக்கக்கூடும். நீங்கள் கையால் ஓட்டிப் பார்ப்பது ஒன்று, ராத்திரி ஓடுவது வேறொன்று. பாதுகாப்பு அப்டேட்டும் உங்கள் பிரதிக்கு வராது. தக்க காரணம் இல்லாமல் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

எல்லாம் சரியாகப் போட்டேன், புதிய கான்ஃபிக்கும் எழுதினேன். மறுநாள் பார்த்தால் லாக் அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு?

அனேகமாகத் தப்பே இல்லை. ஒரு லாக்கை முதல்முறை பார்க்கும்போது லாக்ரொடேட் அதைச் சுழற்றாது. இன்றைய தேதியை ஸ்டேட்டஸ் ஃபைலில் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். டெய்லி என்று எழுதியிருந்தால் அடுத்த நாள் ஓட்டத்தில்தான் வேலை நடக்கும். உபுண்டுவில் அந்த ஃபைல் வார் லிப் லாக்ரொடேட் (/var/lib/logrotate) ஃபோல்டரில் இருக்கிறது. திறந்து பாருங்கள், உங்கள் லாக்கின் பெயரும் பக்கத்தில் ஒரு தேதியும் இருந்தால் கான்ஃபிக் படிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

பெயரே இல்லையென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். கான்ஃபிக் ஃபைலின் உரிமையாளர் ரூட்டாக (நிர்வாகிக் கணக்கு) இருக்க வேண்டும். குரூப்புக்கோ மற்றவர்களுக்கோ எழுதும் அனுமதி இருந்தால் அந்த ஃபைலை லாக்ரொடேட் ஒதுக்கிவிடும். அப்புறம் ஃபைலின் பெயர்: பேக் என்றோ டிசேபிள்ட் என்றோ முடிந்தால் படிக்கவே படிக்காது. எடிட்டர் விட்டுச் செல்லும் அலைக்குறி (~) பிரதிக்கும் இதே கதிதான்.

எதை மாற்றினாலும் முதலில் டி (-d) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், எதையும் தொடாது. அது திருப்தியாக இருந்தால் எஃப் (-f) ஆப்ஷன் போட்டு ஒருமுறை கட்டாயமாகச் சுழற்றிப் பாருங்கள். கான்ஃபிக்கில் சுருக்குவதைத் தள்ளிப்போடும் டிலேகம்ப்ரஸ் வரி இருந்தால் முதல் சுற்றில் சுருக்கப்படாது, அடுத்த சுற்றில்தான். பயப்பட வேண்டாம்.

"பேரண்ட் டைரக்டரி பாதுகாப்பாக இல்லை" என்று பிழை வருகிறது. 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுக்கலாமா?

கூடவே கூடாது, அந்தப் பிழையே அனுமதி அதிகம் என்பதால்தான் வருகிறது. ஃபோல்டரின் அனுமதியைக் குறையுங்கள். முடியாவிட்டால் கான்ஃபிக்கில் எஸ்யூ வரி சேர்த்து, எந்த யூசர், எந்த குரூப் பெயரில் சுழற்ற வேண்டும் என்று எழுதுங்கள்.

எங்கள் சர்வரில் இன்டர்நெட் கிடையாது. டிபென்டென்சியோடு (கூடவே தேவைப்படும் பேக்கேஜ்களோடு) எப்படிக் கொண்டுபோவது?

அதே வெர்ஷன், அதே ஆர்க்கிடெக்சர் உள்ள இன்னொரு மெஷினில் டவுன்லோட்-ஒன்லி ஆப்ஷனோடு ஏபிடி-கெட் ஓட்டினால் பேக்கேஜ்கள் வார் கேஷுக்குள் ஏபிடியின் ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டரில் (/var/cache/apt/archives) சேரும். அவற்றை பென்டிரைவில் எடுத்துப்போய் டிபிகேஜி கமாண்டால் நிறுவலாம். இங்கே பலரும் சறுக்குகிறார்கள்: அந்த மெஷினில் ஏற்கெனவே இருக்கும் லைப்ரரியை ஏபிடி திரும்ப இறக்காது. அதனால் புதிதாகப் போட்ட, வேறெதுவும் நிறுவாத மெஷினில் செய்யுங்கள்.

ஜிஜிப்புக்குப் பதில் இசட்-ஸ்டாண்டர்ட் வைக்கலாமா?

தாராளமாக. ஜிஜிப் 1992-இல் வந்தது. இசட்-ஸ்டாண்டர்டை 2016-இல் ஃபேஸ்புக் வெளியிட்டது. லாக் போன்ற எழுத்துக் குவியலில் அதன் வேகம் நன்றாகவே தெரியும். பேக்கேஜைத் தனியாக நிறுவி, கம்ப்ரஸ்-கமாண்ட் வரியில் அதன் முழுப் பாதையையும் கம்ப்ரஸ்-எக்ஸ்ட் வரியில் புதிய பின்னொட்டையும் கொடுங்கள். மாற்றிய பிறகு பழைய ஜிஜிப் ஃபைல்கள் லாக்ரொடேட்டின் கணக்கில் வராது, தானாக அழியாது. அவற்றை நீங்கள்தான் நீக்க வேண்டும்.

லாக்கை அழித்தும் டிஸ்க்கில் இடம் திரும்பவில்லையே?

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒருநாள் அதிகாலையில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுபோனது. பெரிய லாக் ஒன்றை அழித்தேன், டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் கொடுத்தால் அதே 100 சதவீதம். அந்த ஃபைலை ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தது. பெயர் போனாலும் யாராவது பிடித்திருக்கும்வரை இடம் விடுபடாது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் ஓட்டியதும் "டெலீட்டட்" என்ற சொல்லோடு அதே ஃபைல் வந்து நின்றது. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் மூச்சு வந்தது.

லாக்ரொடேட்டில் இதற்குத்தான் போஸ்ட்ரொடேட் பகுதி. சுழற்றி முடித்ததும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல் போனால் அது பழைய ஃபைலை விட்டுப் புதியதைத் திறக்கும். சிக்னலுக்குச் செவிசாய்க்காத புரோகிராமுக்கு, லாக்கைப் பிரதி எடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலி செய்யும் காப்பிட்ரங்கேட் இருக்கிறது. ஆனால் பிரதி எடுப்பதற்கும் காலி செய்வதற்கும் இடையே எழுதப்படும் சில வரிகள் தொலையலாம். பணப் பரிவர்த்தனை லாக்குக்கு அதை நான் வைக்க மாட்டேன்.

எத்தனை நாள் லாக் வைத்திருக்க வேண்டும்?

இந்தியாவில் நிறுவன சர்வர் என்றால் இது உங்கள் விருப்பம் மட்டும் இல்லை. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது. உபுண்டுவில் இயல்பாக வருவதோ வாரம் ஒருமுறை, நான்கு பிரதி. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குத்தான் வரும். டெய்லி என்றும் ரொடேட் 180 என்றும் மாற்றுங்கள். அளவை வைத்துச் சுழற்றும் சைஸ் வரியை இதோடு கலக்காதீர்கள். மணிக்கொரு முறை ஓடும்படி வைத்து, லாக்கும் வேகமாக நிறைந்தால், 180 ஃபைல் ஏழரை நாளிலேயே தீர்ந்துவிடும்.

வைத்திருக்கும் லாக்கைப் படிக்க முடிகிறதா என்று தெரிந்துகொள்ள, மாதம் ஒருமுறை மிகப் பழைய ஃபைலை எடுத்து, ஜிஜிப் ஃபைலுக்குள் தேடும் இசட்-கிரெப்பால் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். இசட்-ஸ்டாண்டர்டுக்கு மாறியிருந்தால் அதற்கென்றே தனி கிரெப் அந்தப் பேக்கேஜோடு வருகிறது.