அனிமேட்டராக இருப்பவர் 30 வயதுக்கு மேல் இயக்குநராக முடியுமா? மமோரு ஹொசோடா எப்படி ஆனார்?

நீங்களும் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் இன்பிட்வீன் (முக்கிய வரைபடங்களுக்கு நடுவில் வரும் படங்கள்) போட்டுக்கொண்டே வயதை எண்ணிக்கொண்டிருப்பவர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநரான ஹொசோடா 1967ல் பிறந்தவர். கனாசவாவில் ஓவியம் படித்தார். ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் ஸ்டூடியோவான கிப்லியின் பயிற்சிக்கு விண்ணப்பித்தார், எடுக்கவில்லை. 1991ல் தோயே என்ற இன்னொரு அனிமேஷன் ஸ்டூடியோவில் அனிமேட்டராகச் சேர்ந்து, பல வருடம் வரைந்த பிறகே எபிசோடு இயக்கத்துக்கு நகர்ந்தார். ‘டிஜிமான்’ கார்ட்டூன் தொடரையொட்டி 1999லும் 2000லும் வந்த குறும்படங்கள்தான் அவரைக் கவனிக்க வைத்தன. அப்புறம் அதே கிப்லி கூப்பிட்டு ‘ஹௌல்ஸ் மூவிங் காசில்’ படத்தை இயக்கக் கொடுத்தது. 2001ல் அறிவிப்பும் வந்துவிட்டது. 2002ல் பாதியில் வெளியே வந்தார். படத்தை கிப்லியின் நிறுவனர்களில் ஒருவரான மியாசாகி இயக்கி 2004ல் வெளியிட்டார்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இங்கிருந்து நேராக 2006ல் வந்த அவருடைய ‘த கேர்ள் ஹூ லெப்ட் த்ரூ டைம்’ படத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் நாலு வருடம்தான் எனக்கு முக்கியம். நாடே அறிந்த படம் கைவிட்டுப் போன பிறகு அவர் தோயேக்கே திரும்பினார். சிறுமிகளுக்கான ‘டோரெமி’ தொடரில் எபிசோடு இயக்கினார். 2005ல் ஒரு ‘ஒன் பீஸ்’ படம்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. அவரோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அவர் உயரம் எனக்குத் தெரியும். 30 வயதில், நான் வேலை பார்த்த இடத்தில் 11 நிமிடப் படம் ஒன்றை இயக்கச் சொன்னார்கள். ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் திட்டம், முழுக்க நானே போட்டேன். ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் இன்னொருவரை உட்காரவைத்து, “இனி இவர் பார்ப்பார், நீ கீ அனிமேஷனைப் பாத்துக்கோ” என்றார்கள். அதாவது இயக்கம் போய், அசைவின் முக்கியப் படங்களை வரையும் வேலை மட்டும். அன்று சாயங்காலமே ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வந்ததில் வருத்தமில்லை. பழைய டீம் லீடர் அதன் பிறகு இரண்டு முறை போன் செய்து, “ஒரே ஒரு எபிசோடுக்கு போர்டு போட்டுத் தர்றியா?” என்று கேட்டார். இயக்குநராக இருந்தவன் எபிசோடுக்கு போர்டு போடுவதா என்று இரண்டு முறையும் மறுத்தேன். நாலு வருடம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்தேன், பென்சிலையே தொடவில்லை. அந்த இரண்டு போனும் இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது போர்டு ஆர்ட்டிஸ்டாக மூன்றாவது வருடம். போன மாதம் 7 நிமிட எபிசோடு ஒன்றை இயக்கக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு 39. ‘த கேர்ள் ஹூ லெப்ட் த்ரூ டைம்’ 2006ல் ஒருசில தியேட்டர்களில் மட்டும் வெளியானபோது ஹொசோடாவுக்கு 38. சொந்த ஸ்டூடியோ அமைத்தது 2011ல், ‘மிராய்’ ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனது 2019ல்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். “பொம்மைப் படம்தானே, பாப்பா பர்த்டேக்கு ரெண்டு நிமிஷம் வரைஞ்சு கொடேன்” என்று சொந்தக்காரர்கள் கேட்பது இன்னும் நிற்கவில்லை. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம். இரண்டு நிமிடத்துக்கு 1,440. இதைச் சொன்னால் திமிர் என்கிறார்கள்.

நீங்கள் போட்ட போர்டு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.